கொலுப்படியில் 300 பிக்சல்: மேல்படி மஞ்சளாகிறது, முதல் பிக்சல் துடிக்கிறது, எங்கே பார்ப்பது?

கொலுவீடு எழுதியது:

வணக்கம். நவராத்திரிக்கு வீட்டுக் கொலுவின் ஐந்து படிக்கும் விளிம்பு விளக்கு செய்துகொண்டிருக்கிறேன். டபிள்யூஎஸ்2812பி பட்டை (ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி நிறம் கொடுக்கலாம்), மீட்டருக்கு 60 எல்இடி. 5 மீட்டர் ரீலை மீட்டர் மீட்டராக வெட்டி ஒவ்வொரு படியின் முன்விளிம்புக்கு அடியிலும் ஒட்டியிருக்கிறேன். ஒரு படி முடியும் இடத்திலிருந்து அடுத்த படி தொடங்கும் இடத்துக்கு மூன்று ஒயர் சால்டர் செய்து கொண்டுபோயிருக்கிறேன். மொத்தம் 300 பிக்சல் (ஒரு எல்இடி ஒரு பிக்சல்). ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), பட்டையை ஓட்ட ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கீழ்ப்படிக்கு மட்டும்தான் சப்ளை, அங்கிருந்து பட்டை வழியாகவே மேலே ஏறுகிறது. ஈஎஸ்பி32-க்கும் பட்டை தொடங்கும் இடத்திலிருந்தே 5 வோல்ட் எடுத்திருக்கிறேன்.

இரண்டு தொல்லை. வெள்ளை போட்டால் கீழ்ப்படி வெள்ளையாக இருக்கிறது, நடுப்படியில் நிறம் மங்கி, மேல்படியில் முழுக்க மஞ்சள். இன்னொன்று இதைவிட விநோதம்: வெளிச்சத்தைக் குறைத்தால் முதல் பிக்சலும் அதையொட்டிய சிலதும் கண்டபடி பச்சை, நீலம் என்று துடிக்கின்றன. வெளிச்சத்தை ஏற்றினால் துடிப்பு நின்றுவிடுகிறது. கோடில் (நிரலில்) வரி வரியாகத் தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை. அம்மாவுக்கு வானவில் ஓட்டமெல்லாம் வேண்டாம், குத்துவிளக்குச் சுடர் மாதிரி அடக்கமான ஒளி வேண்டும். அதாவது எனக்குத் தேவைப்படுவதே அந்தக் குறைந்த வெளிச்சம்தான், அதில்தான் துடிக்கிறது.

மின்பட்டறை எழுதியது:

கோடை மூடி வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள் தம்பி. இந்தப் பட்டைகளில் நிறம் தவறினால் முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ், இரண்டாவது கிரவுண்ட் (மைனஸ்), மூன்றாவது டேட்டா ஒயரின் அளவு. கோடு அதற்கெல்லாம் பிறகு.

மஞ்சள் விஷயம் நேரடியானது. ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எல்இடியும் அவற்றை ஓட்டும் குட்டி ஐசியும் இருக்கின்றன. சிவப்பு எரிய 2 வோல்ட் சொச்சம் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதற்கு மேலே ஐசிக்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். பட்டையின் செம்புத் தடம் காகிதம் போல மெல்லியது, அதில் ஆம்பியர் கணக்கில் கரண்ட் போகும்போது வழியிலேயே வோல்டேஜ் இறங்குகிறது. இறங்க இறங்க முதலில் சோர்வது நீலம், அப்புறம் பச்சை, கடைசிவரை தாக்குப்பிடிப்பது சிவப்பு. வெள்ளையிலிருந்து நீலம் போனால் மஞ்சள்தான் மிச்சம். இன்னும் இறங்கினால் செம்மஞ்சள், அப்புறம் வெறும் சிவப்பு.

கணக்கையும் பாருங்கள். ஒரு நிறத்துக்கு 20 மில்லிஆம்பியர் என்று வைத்தால் முழு வெள்ளையில் பிக்சலுக்கு 60. 300 பிக்சலுக்கு 18 ஆம்பியர், 90 வாட். உங்கள் எஸ்எம்பிஎஸ் 10 ஆம்பியர். புதிய பட்டைகள் சிலவற்றில் நிறத்துக்கு 12 மில்லிஆம்பியர் அளவில்தான் எடுக்கும், இருந்தாலும் திட்டமிடும்போது 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதுகூட பிக்சலுக்கு 1 மில்லிஆம்பியரை ஒட்டி ஐசி தின்னும்.

முதல் பிக்சல் எதற்காகத் துடிக்கிறது என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, ஆனால் அளவு பார்க்காமல் சொல்ல மாட்டேன். வெளிச்சம் அதிகமாக இருக்கும்போதும் குறைவாக இருக்கும்போதும், முதல் பிக்சலின் பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவே எத்தனை வோல்ட்? மேல்படியின் கடைசி பிக்சலில் எத்தனை? எஸ்எம்பிஎஸ் டெர்மினலில் எத்தனை? இந்த மூன்றையும் எழுதுங்கள்.

இரவுநிரல் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. ஈஎஸ்பி32 வெளியே தருவது 3.3 வோல்ட் டேட்டா. நடுவில் லெவல் ஷிஃப்டர் (அந்த 3.3-ஐ 5 வோல்ட்டாக உயர்த்தும் ஐசி) இருக்கிறதா? இல்லையென்றால் துடிப்பு அதனால்தான். சொல்லப்போனால் எனக்கு லெவல் ஷிஃப்டரில் பெரிய நம்பிக்கை இல்லை. நான் நேரடியாக இணைத்தே ஓட்டுகிறேன், என் மேசை விளக்கு ஒழுங்காகத்தான் எரிகிறது. பட்டைக்குப் பட்டை வித்தியாசப்படும்.

கொலுவீடு எழுதியது:

லெவல் ஷிஃப்டர் இல்லை, நேரடி இணைப்பு. அளவுகள் இதோ. வெள்ளை, அதிக வெளிச்சத்தில்: எஸ்எம்பிஎஸ் டெர்மினலில் 5.0, முதல் பிக்சலில் 4.6, கடைசி பிக்சலில் 3.4. வெளிச்சத்தைக் குறைத்தால் முதல் பிக்சலில் 4.9-க்கு மேல், கடைசியில் 4.7. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பட்டைக்குப் போகும் ஒயர் பழைய அடாப்டரில் இருந்து வெட்டியது, மெல்லியது.

மின்பட்டறை எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் இரண்டு தொல்லைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன.

டபிள்யூஎஸ்2812பி-யின் தரவுத்தாள்படி, டேட்டா பின்னில் வருவதை அது ஒன்று என்று ஏற்க, அந்த பிக்சலுக்குக் கிடைக்கும் சப்ளையில் 0.7 பங்காவது இருக்க வேண்டும். சப்ளை 5 வோல்ட் என்றால் 3.5. நீங்கள் தருவது 3.3. போதாது. ஆனால் வெளிச்சம் ஏறும்போது மெல்லிய ஒயரில் வோல்டேஜ் விழுந்து முதல் பிக்சலுக்கு 4.6 மட்டுமே கிடைக்கிறது. 4.6-இல் 0.7 பங்கு 3.22. இப்போது உங்கள் 3.3 தப்பித்துக்கொள்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் சப்ளை 4.9-க்கு மேல் போகிறது, வாசல், அதாவது அந்த 0.7 பங்கு எல்லை, 3.43-க்கு மேல் ஏறுகிறது, 3.3 கீழே நிற்கிறது, பிக்சல் ஒன்றையும் சைபரையும் மாற்றிப் படிக்கிறது. அதனால்தான் குறைந்த ஒளியில் மட்டும் துடிப்பு.

சப்ளை ஒயரை மட்டும் தடிப்பாக மாற்றினீர்கள் என்றால் மஞ்சள் குறையும், துடிப்பு எல்லா வெளிச்சத்திலும் வந்துவிடும். அப்போது எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்துப் பழைய ஒயருக்கே திரும்ப வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

இரவுநிரல், உங்கள் மேசை விளக்கு எரிவதை நான் மறுக்கவில்லை. தரவுத்தாள் சொல்வது உத்தரவாத எல்லை. பல பிக்சல்கள் அதற்குக் கீழேயும் படித்துவிடும். யூஎஸ்பி கேபிளில் ஓட்டினால் சப்ளையே 4.7 ஆகத்தான் இருக்கும், அதுவும் கைகொடுக்கும். ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வந்து பார்க்கும் விசேஷத்துக்குச் செய்யும் ஒன்றை எல்லைக்கு அந்தப்பக்கம் நிறுத்தி வைக்கக் கூடாது. ஒரு ஐசிதான், விலையும் அற்பம்.

இரவுநிரல் எழுதியது:

அந்த வோல்டேஜ் விழுந்தால் வாசலும் விழும் கணக்கை நான் யோசித்ததில்லை, என் விளக்கு யூஎஸ்பியில்தான் ஓடுகிறது, பொருந்துகிறது. சரி, ஐசி வாங்காமல் ஒரு வழியும் இருக்கிறது, அதையும் பதிந்து வைக்கிறேன். வரிசைக்கு முன்னால் ஒரு பிக்சலைத் தனியாக வெட்டி வைத்து, அதற்கு மட்டும் சப்ளையை ஒரு 1என்4007 டயோடு வழியாகக் கொடுங்கள். டயோடில் 0.7 வோல்ட் போய் அதற்கு 4.3 கிடைக்கும். 4.3-இல் 0.7 பங்கு 3.01, உங்கள் 3.3 தாராளமாகத் தாண்டும். அந்த பிக்சல் டேட்டாவை வாங்கித் திருத்திப் புதிதாக 4.3 வோல்ட்டில் அடுத்ததுக்கு அனுப்பும், அதற்கு 3.5 போதும். ஒவ்வொரு பிக்சலும் தன் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புதுப்பித்து அனுப்புவதால், முதல் தாவலைத் தாண்டிவிட்டால் அதன் பிறகு கவலையில்லை. அந்த முன் பிக்சலைப் படிக்குப் பின்னால் மறைத்து எப்போதும் கறுப்பாகவே வைத்துவிடலாம். கோடில் எண்ணிக்கை 301 ஆகும், அவ்வளவுதான்.

மின்பட்டறை எழுதியது:

நல்ல வழி, நானும் அவசரத்துக்குச் செய்வேன். ஆனால் நேரம் இருப்பதால் ஐசியே போடச் சொல்கிறேன். 74ஏஎச்சிடி125 அல்லது 74எச்சிடி125. நடுவில் அந்த ‘டி’ எழுத்து இருக்க வேண்டும். வெறும் 74எச்சி125 வாங்கிவிட்டால் அதுவும் 5 வோல்ட்டில் 3.5 கேட்கும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ‘டி’ வகைக்கு 2 வோல்ட்டிலேயே ஒன்று என்று புரிந்துவிடும். கடையில் அவசரத்தில் எடுத்துக் கொடுக்கும்போது ஐசியின் முதுகில் எழுதியிருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நான்கு சேனல் லெவல் கன்வர்ட்டர் என்று சின்ன போர்டு ஒன்று எங்கும் கிடைக்கிறது, குட்டி மாஸ்ஃபெட்டும் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் வைத்தது. அது சென்சார் பேசும் வேகத்துக்கு நல்லது. இங்கே ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோசெகண்ட்தான். சைபர் என்றால் சுமார் 0.4 மைக்ரோசெகண்ட் மேலே, ஒன்று என்றால் சுமார் 0.8. வித்தியாசமே அவ்வளவுதான். 10 கிலோஓம் வழியாக மெதுவாக ஏறும் அலையில் அந்த வித்தியாசம் கரைந்துபோகும்.

ஐசியிலிருந்து முதல் பிக்சலுக்குப் போகும் ஒயரில், பிக்சலுக்குப் பக்கத்தில் 330 அல்லது 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சப்ளை நுழையும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 10 வோல்ட் தாங்குவது இருக்கட்டும், பிளஸ் மைனஸ் மாற்றிவிடாதீர்கள். டேட்டா ஒயரைக் கிரவுண்ட் ஒயரோடு முறுக்கிக் கொண்டுபோங்கள்.

சீரியல்செட் எழுதியது:

நான் திருவிழா பந்தல் வேலை செய்கிறவன், சர்க்யூட் படித்தவன் இல்லை, வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன் சார். எங்களுக்கு கோபுர உருவம், சாமி உருவம் என்று பலகை பலகையாகப் பிக்சல் பல்பு கட்டும் வேலை. எஸ்டி கார்டு போடும் டி-1000எஸ் கன்ட்ரோலர்தான் பெரும்பாலும். இந்த மஞ்சள் அடிக்கிற பிரச்சினை எங்களுக்கு நித்தம். ஒரே பெரிய எஸ்எம்பிஎஸ்ஸைக் கீழே வைத்துக்கொண்டு நீளமாக ஒயர் இழுத்தால் கதை நடக்காது. சின்னச் சின்ன எஸ்எம்பிஎஸ்ஸை உருவத்துக்குப் பின்னாலேயே ஆங்காங்கே கட்டி, ஒவ்வொன்றும் தன் பங்கு பல்புக்கு மட்டும் சப்ளை கொடுக்கும். எல்லாவற்றின் மைனஸும் ஒன்றாக இருக்கும், பிளஸ்ஸை மட்டும் அந்தந்த எல்லையில் வெட்டிவிடுவோம். இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பிளஸ்ஸை ஒன்றாக முடிந்தால் ஒன்று இன்னொன்றைத் தள்ளப் பார்க்கும்.

மைனஸ் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பலகைக்கும் அடுத்ததுக்கும் டேட்டா மட்டும் போய் மைனஸ் போகவில்லை என்றால் அந்தப் பலகை பேய் பிடித்த மாதிரி எரியும். பசங்கள் கன்ட்ரோலரை மாற்றுவார்கள், கார்டை மாற்றுவார்கள். மைனஸ் ஒயர் ஒரு முடிச்சுதான் விட்டிருக்கும்.

சாருக்கு என் யோசனை, அடுத்த முறை 12 வோல்ட் பட்டை வாங்குங்கள். இழுப்பு தாங்கும்.

மின்பட்டறை எழுதியது:

மைனஸ் பற்றிச் சொன்னது பொன்னான வார்த்தை. வோல்டேஜ் இறங்குவதில் சரிபாதி கிரவுண்ட் தடத்தில்தான் நடக்கிறது. சிவப்பு ஒயரைத் தடிப்பாகப் போட்டுக் கறுப்பை மெல்லியதாக விடுகிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

12 வோல்ட் பற்றி எனக்கு அரைச் சம்மதம். டபிள்யூஎஸ்2815 வகையில் ஒரு நல்ல குணம், இரண்டாவது டேட்டா தடம் இருக்கிறது, நடுவில் ஒரு பிக்சல் செத்தாலும் அடுத்தது ஓடும். 2812-இல் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ள வரிசை முழுக்க இருட்டு. அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதிக்கும் கீழே என்பதால் நீளமும் தாங்கும். பழைய 2811 வகை 12 வோல்ட் பட்டையில் மூன்று எல்இடிக்கு ஒரு ஐசி, அதனால் மூன்று மூன்றாகத்தான் நிறம் மாறும், பந்தலுக்குப் போதும், படி விளிம்பில் கிட்டத்திலிருந்து பார்க்க அழகு குறையும். இன்னொன்று, 12 வோல்ட் பட்டையில் சால்டர் வழிந்து பிளஸ் டேட்டாவைத் தொட்டால் அந்த பிக்சலும் கன்ட்ரோலர் பின்னும் சேர்ந்து போகும். 5 வோல்ட்டில் அந்த அபாயம் குறைவு. ஐந்து மீட்டர்தான், எல்லாம் ஒரே இடத்தில் அடுக்காக இருக்கிறது, 5 வோல்ட்டே சரி. ரீலைக் கழற்ற வேண்டாம்.

செய்ய வேண்டியது: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஐந்து படிக்கும் ஐந்து ஜோடி தனி ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். ஒவ்வொரு ஜோடியின் பிளஸ்ஸிலும் 5 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு படியில் 60 பிக்சல், முழு வெள்ளையில் 3.6 ஆம்பியர், எனவே அது சும்மா போகாது. படிக்குப் படி டேட்டாவும் கிரவுண்டும் இப்போது இருப்பது போலவே தொடரட்டும். ஒரே எஸ்எம்பிஎஸ் என்பதால் பிளஸ்ஸும் தொடரலாம், ஆனால் அப்படி விட்டால் ஒரு ஃபியூஸ் போனாலும் பக்கத்துப் படி வழியாக சப்ளை வந்துவிடும். அதனால் வெட்டிவிடுவதே மேல்.

அப்புறம் முக்கியமானது. கொலுப்படிக்கு மேல் வேட்டி விரித்திருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸை அதற்கடியில் ஒளிப்பதுதான் எல்லோரும் செய்வது. முழுப் பளுவில் அது 10 வாட்டுக்கு மேலேயே சூடாகத் துப்பும், மூச்சுவிட இடம் வேண்டும். அந்தத் துளைப்பெட்டி வகையில் 230 வோல்ட் திருகுகள் கைக்கெட்டும்படி திறந்தே இருக்கும். சுண்டலுக்கு வரும் குழந்தைகள் படிக்கடியில்தான் பொம்மை தேடுவார்கள். காற்றுப் போக வழியுள்ள, மூடி போட்ட பெட்டியில் வைத்து, எர்த் ஒயரைக் கட்டாயம் இணைத்து, துணியிலிருந்து விலக்கி ஓரமாக வையுங்கள். இதில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

இரவுநிரல் எழுதியது:

கோடு பக்கம் ஒன்று சேர்க்கிறேன். ஃபாஸ்ட்எல்இடியில் வோல்ட்டையும் அதிகபட்ச மில்லிஆம்பியரையும் கொடுத்தால் அதற்கு மேல் போகாமல் வெளிச்சத்தைத் தானே இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 8000 என்று கொடுங்கள். டபிள்யூஎல்இடி என்கிற ஃபர்ம்வேர் போட்டாலும் இதே வசதி உண்டு, அதில் கோடே எழுத வேண்டாம், போனிலிருந்தே நிறம் மாற்றலாம். ஆனால் இவை கரண்டை அளப்பதில்லை, நிறத்தின் எண்களை வைத்து மதிப்பிடுகின்றன. டேட்டா குழம்பி எல்லாப் பிக்சலும் வெள்ளையில் மாட்டிக்கொண்டால் மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. அப்போதும் ஒரு படிக்கு 3.6 ஆம்பியர்தான் என்பதால் அண்ணன் சொன்ன 5 ஆம்பியர் ஃபியூஸ் போகாது, அது ஷார்ட்டுக்குத்தான்; காப்பாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸின் ஓவர்லோடு பாதுகாப்பு.

முதலாண்டுஈசிஈ எழுதியது:

அண்ணா, இழையில் நுழைந்து கேட்பதற்கு மன்னியுங்கள். என்னிடம் அர்டுயினோ ஊனோ இருக்கிறது. இதே மாதிரி 300 பிக்சலை அதில் ஓட்டி, டிவி ரிமோட்டில் நிறம் மாற்ற முடியுமா? ரிமோட் ரிசீவர் தனியாக நன்றாக வேலை செய்கிறது, பட்டையைச் சேர்த்தால் பட்டனை அமுக்கினாலும் ஏற்கவில்லை. இன்னொன்று, நான்கு கால் ஆர்ஜிபி எல்இடி ஒன்றில் சிவப்புக்கு 255 கொடுத்தால் சிவப்பு அணைந்து மற்றவை எரிகின்றன. எல்இடி பழுதா?

இரவுநிரல் எழுதியது:

எல்இடி பழுதில்லை, அது காமன் ஆனோடு வகை. நீண்ட காலை 5 வோல்ட்டில் இணைத்திருப்பாய், மற்ற மூன்று கால்களும் ஊனோவின் பின்களுக்குள் கரண்டை வடிக்கின்றன. பின் கீழே இருந்தால்தான் எரியும். 255-இலிருந்து உன் எண்ணைக் கழித்துக் கொடு, சரியாகிவிடும். ஒவ்வொரு காலுக்கும் தனி ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார். பொதுக்காலில் ஒன்றே ஒன்றைப் போட்டால் ஒரு நிறம் ஏறும்போது இன்னொன்று மங்கும். 15 மில்லிஆம்பியர் கணக்கில் சிவப்புக்கு 220 ஓம், பச்சைக்கும் நீலத்துக்கும் 120 அல்லது 150. ஊனோவின் ஒரு பின்னில் 20 மில்லிஆம்பியருக்குள் வைத்துக்கொள், 40 என்பது உடைப்பு எல்லை. நிறத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க 3, 5, 6, 9, 10, 11 பின்களில்தான் முடியும்.

ரிமோட் விஷயம் இந்த இழைக்கே நேரடியாகப் பொருந்தும். பிக்சலுக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோசெகண்ட், ஆக பிக்சலுக்கு 30 மைக்ரோசெகண்ட். 300 பிக்சலுக்கு 9 மில்லிசெகண்ட். ஊனோ அந்த 9 மில்லிசெகண்டும் இன்டரப்டை மூடிக்கொண்டு பிட் பிட்டாகக் கையால் அனுப்புகிறது, வேறு எதையும் காதில் வாங்காது. பெரும்பாலான மலிவு ரிமோட்டுகள் பயன்படுத்தும் என்இசி முறையில் தொடக்கத் துடிப்பே 9 மில்லிசெகண்ட், அதற்குப் பிறகு வரும் பிட்டுகள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட். நீ பட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் ஊனோவுக்கு ரிமோட் முழுதாகக் காதில் விழ வாய்ப்பே இல்லை. மில்லிசெகண்ட் எண்ணும் கடிகாரமும் இதனாலேயே பின்தங்கும்.

வழி என்ன? நிறம் மாறும்போது மட்டும் பட்டைக்கு அனுப்பு. சும்மா நிற்கும் நிறத்தை லூப்பில் மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியதில்லை, பிக்சல் தன் நிறத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அசையும் விளக்காகவே வேண்டும் என்றால் ஈஎஸ்பி32-க்குப் போய்விடு, அதில் துடிப்பு அனுப்புவதற்கென்றே ஆர்எம்டி என்கிற தனி வன்பொருள் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை பீக்கோ போர்டில் பிஐஓ என்கிற இதே மாதிரி தனி வன்பொருள் இருக்கிறது, அதுவும் இந்த வேலைக்கே பிறந்தது போல் ஓடும். ஊனோவின் நினைவகம் 2048 பைட்டுதான், 300 பிக்சலுக்கு 900 பைட் போய்விடும் என்பதையும் கணக்கில் வை.

கொலுவீடு எழுதியது:

74எச்சிடி125 போட்டேன், ஐந்து ஜோடி ஒயர் இழுத்தேன். துடிப்பு முழுக்க நின்றுவிட்டது. கடைசி பிக்சலில் இப்போது 4.8 வோல்ட், ஐந்து படியும் ஒரே வெள்ளை. மின்பட்டறை சார் சொன்னது அப்படியே நடந்தது: முதலில் ஒயரை மட்டும் மாற்றிப் பார்த்தேன், எல்லா வெளிச்சத்திலும் துடித்தது, ஐசி வந்ததும் அடங்கியது. எஸ்எம்பிஎஸ் மூடிய பெட்டிக்குள் போய்விட்டது.

இப்போது நிறம். சுடர் மாதிரி என்று சிவப்பு 255, பச்சை 200, நீலம் 100 கொடுத்தால் டியூப்லைட் மாதிரி வெளுத்துத் தெரிகிறது. மெதுவாக ஏறி இறங்கச் செய்தால், மேலே நெடுநேரம் மாற்றமே தெரியவில்லை, கீழே வரும்போது சட்டென்று படி படியாக விழுகிறது. அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார்.

மின்பட்டறை எழுதியது:

அம்மாவின் கண் சரியாகத்தான் பார்க்கிறது. பிக்சல் எண்ணுக்கு ஏற்ற விகிதத்தில் ஒளியைத் தருகிறது, 128 என்றால் 255-இல் பாதி ஒளி. கண் அப்படிப் பார்ப்பதில்லை, மங்கலில் சிறு மாற்றத்தையும் பிடிக்கும், பிரகாசத்தில் பெரிய மாற்றத்தையும் விட்டுவிடும். அதனால் 128 நமக்குப் பாதியாகத் தெரியாது, முக்கால் வெளிச்சம் போலத் தெரியும். நமக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமானால் எண்ணை வளைத்து அனுப்ப வேண்டும், காமா திருத்தம் என்பது அதுதான். 2.2 அடுக்கில் 128 என்பது 56 ஆகிவிடும். நீங்கள் போட்ட பச்சை 200, கண்ணுக்கு 255-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் வெளுப்பு.

சுடருக்கு ஃபாஸ்ட்எல்இடியிலேயே மெழுகுவத்திச் சுடர் என்று ஒரு அளவு இருக்கிறது, 255, 147, 41. அதில் தொடங்குங்கள். எண்ணெய்த் திரியின் நிறம் இதைவிடக் கொஞ்சம் செம்மை, பச்சையை 120 பக்கம் இறக்கி, நீலத்தை 20-க்குக் கீழே கொண்டுபோய்ப் பாருங்கள். பித்தளை விளக்கையே பக்கத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், திரையில் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். சுவரின் நிறமும் படித்துணியின் நிறமும் இதில் சேரும். வெள்ளை வேட்டியில் ஒரு நிறம், சிவப்புப் பட்டில் இன்னொரு நிறம்.

கீழே படி படியாக விழுவது இன்னொரு சிக்கல். மொத்தம் 256 நிலைதான். காமா வளைத்தால் அடிப்பகுதி இன்னும் ஏழையாகும். 2.8 அடுக்கில் போட்ட அட்டவணையில் முதல் 28 எண்களும் சைபர்தான், அதற்கு மேல் ஒன்று, ஒன்று, ஒன்று என்று போகும். அந்த ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவுவது ஒளியை இரட்டிப்பாக்குவது, கண்ணுக்கு உதறலாகத் தெரியும். சுடர் நிறத்தில் நீலம் வேறு சின்ன எண், அது சிவப்புக்கு முன்னாலேயே சைபராகி, இறங்கும்போது நிறமே மாறும். அதனால் முழு இருட்டுக்கு இறங்க வேண்டாம். உச்சத்தின் கால் பங்கில் நிறுத்தித் திரும்ப ஏற்றுங்கள். விளக்குச் சுடர் அணைந்து அணைந்து எரிவதில்லையே, சற்றே அலைகிறது, அவ்வளவுதான்.

இரவுநிரல் எழுதியது:

ஃபாஸ்ட்எல்இடியில் டிதரிங் இருக்கிறது, 10-க்கும் 11-க்கும் நடுவே உள்ள ஒளி வேண்டுமென்றால் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி நடுத்தரமாக்கும். பொதுவான பிரைட்னஸ் அளவைக் குறைத்து வைத்தால்தான் அது உதவும், நொடிக்கு நிறைய முறை அனுப்பவும் வேண்டும். உங்கள் 300 பிக்சலுக்கு 9 மில்லிசெகண்ட், நொடிக்கு 100 முறை தாராளமாகப் போகும், எனவே முயன்று பார்க்கலாம். ஆயிரம் பிக்சல் என்றால் 33 முறைக்கு மேல் போகாது, அப்போது டிதரிங்கே துடிப்பாகத் தெரியும்.

இந்த மங்கல் வெளிச்சம்தான் முக்கியம் என்றால், அடுத்த வருடம் ஏபிஏ102 பட்டையைப் பாருங்கள். டேட்டாவோடு தனி க்ளாக் ஒயரும் உண்டு, நேரக் கணக்கின் கெடுபிடி இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் 32 நிலை பொது வெளிச்ச அளவு தனியாக இருப்பதால் கீழ்ப்பகுதி நுணுக்கமாகும். விலை கூடுதல்தான். அல்லது எஸ்கே6812 ஆர்ஜிபிடபிள்யூ, மூன்று நிறத்தோடு நான்காவதாக மஞ்சள்சார்ந்த வெள்ளை எல்இடியும் உள்ளே இருக்கும், துணி, பொம்மை எல்லாவற்றின் நிறமும் அதில்தான் இயல்பாகத் தெரியும். அதற்குப் பிக்சலுக்கு 32 பிட், கோடில் அந்த வகையைச் சரியாகக் கொடுக்காவிட்டால் நிறங்கள் பிக்சலுக்குப் பிக்சல் நகர்ந்துகொண்டே போகும்.

சீரியல்செட் எழுதியது:

பொம்மைக்கு நிறம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பது சரியான பேச்சு சார். மண் பொம்மைக்கு நேராக நீலமும் ஊதாவும் அடித்தால் சாமி முகமே கறுத்துப்போகும். பட்டையின் எல்இடி முகம் பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக இருக்கக் கூடாது, கீழ்ப்படித் துணியைப் பார்த்துக் குனிந்திருக்கட்டும், அந்த வெளிச்சம் துணியில் பட்டுத் திரும்பி பொம்மையில் விழட்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பால்நிற மூடி போட்ட அலுமினியச் சட்டம் வாங்கி அதற்குள் ஒட்டிவிடுங்கள், சூடும் அலுமினியத்துக்கு இறங்கிவிடும்.

கொலுவீடு எழுதியது:

255, 115, 18. விளக்கை ஏற்றி வைத்து ஒப்பிட்டதில் இதுதான் ஒட்டி வந்தது. கால் பங்குக்குக் கீழே இறங்காமல் அலையவிட்டேன், படி தெரியவில்லை. பட்டையைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன், அம்மா அதற்குத்தான் அதிகம் மகிழ்ந்தார்.

கடைசியாக ஒன்று. கரண்ட் போய் வந்தால் பழைய நிறமும் வெளிச்சமும் அப்படியே திரும்ப வர வேண்டும். இப்போது ஒவ்வொரு முறையும் கோடில் உள்ள தொடக்க நிறத்துக்கே போகிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி வைக்கலாமா?

மின்பட்டறை எழுதியது:

எழுதலாம். ஈஎஸ்பி32-இல் ப்ரிஃபரன்சஸ் என்ற லைப்ரரி அதற்குத்தான், கரண்ட் போனாலும் நிற்கும். ஆனால் ஃபிளாஷுக்கு எழுதும் ஆயுள் கணக்கு உண்டு. தம்பி ஈசிஈ ஊனோவில் செய்தாலும் இதே கதை, அதன் ஈப்ராம் நினைவகத்துக்கு ஒரு இடத்தில் 1 லட்சம் முறைதான் உத்தரவாதம். சுடர் அலையும் ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டிருந்தால் விழா முடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடும். அலையும் மதிப்பை எழுதாதீர்கள், நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தையும் உச்ச வெளிச்சத்தையும் மட்டும் எழுதுங்கள், அதுவும் மாற்றி முடித்து 5 நொடி எதுவும் அசையாமல் இருந்த பிறகு, பழைய மதிப்பிலிருந்து வேறுபட்டால் மட்டும். கரண்ட் வரும்போது ஈஎஸ்பி32 விழித்து டேட்டா அனுப்பும்வரை பிக்சல்கள் ஏதாவது நிறத்தில் மின்னலாம், 74எச்சிடி125-இன் எனேபிள் பின்னை 10 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து வையுங்கள், அது மேலே இருக்கும்வரை ஐசி டேட்டாவை வெளியே விடாது. அதை ஈஎஸ்பி32-இன் பின்னில் நேரடியாகக் கட்டாதீர்கள், அந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வைத்து அதன் மூலம் கீழே இறக்குங்கள். பேஸுக்கு 4.7 கிலோஓம் போதும். தொடக்க வேலைகள் முடிந்து, முதலில் எல்லாம் கறுப்பு என்ற டேட்டா தயாரானதும் திறந்துவிட்டால் போதும்.